ரோட்டுக்குச் சமமாக

கோதண்டத்துக்கு அறுபத்தேழாவது வயதில் ஒரு புது வியாதி வந்திருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் வாசலுக்குப் போகத் தோன்றும். வாசலுக்குப் போனால் வானத்தைப் பார்க்கத் தோன்றும். வானத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் செல்போனை எடுத்து, அதிலாவது ஏதாவது இருக்கிறதா என்று துழாவுவார். மழை சொல்கிற ஆசாமிகள் மூன்று பேரை அவர் போனில் பின்தொடர்ந்தார். ஒருவர் வரும் என்பார், ஒருவர் வராது என்பார், மூன்றாமவர் வந்தாலும் வரலாம் என்பார். கோதண்டத்துக்கு மூன்றாமவர் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

மாசி மாதம் பாதி போயிருந்தது. மாசியில் மழைக்கு என்ன வேலை என்று கேட்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது. போன வருஷம் ஐப்பசி முழுக்க வெயில் காய்ந்தது. கார்த்திகைக் கடைசியில் ஒருநாள், ஒரு மாதத்து மழை ஆறு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்தது. அதற்குப் பிறகு எந்த மாதத்தையும் நம்புவதற்கில்லை என்று கோதண்டம் முடிவு செய்துவிட்டார். டிவியில் நாலு பேர் உட்கார்ந்து, பூமி சூடாவதற்கு எந்தக் கட்சி காரணம் என்று கத்திக்கொண்டிருப்பார்கள். கோதண்டமும் இங்கிருந்து அவர்களைத் திட்டுவார். அவர் மனைவி வேம்புலியம்மாள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்திவிடுவாள். டிவிக்காரர்கள் வாயசைப்பார்கள். கோதண்டம் மட்டும் சத்தமாகத் திட்டிக்கொண்டிருப்பார்.

அவருடைய வீடு ஆவடிக்குப் பக்கம் கோவில்பதாகையில், கன்னியம்மன் நகர் மூன்றாவது தெருவில் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன் கட்டியது. அப்போது அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். மெஷினிலிருந்து வருகிற சாமானை அளந்து பார்த்து, நூல் பிசகினாலும் திருப்பி அனுப்புகிற வேலை. வீட்டையும் அப்படித்தான் கட்டினார். மேஸ்திரி பக்கத்தில் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு நின்று அந்த மனுஷனின் உயிரை எடுத்தார். தெருவிலிருந்து மூன்று படி ஏறி வீட்டுக்குள் போக வேண்டும். தண்ணீர் வந்தாலும் இரண்டு படியோடு நின்றுவிடும், மூன்றாவது படி பாதுகாப்புக்கு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

இப்போது அதே வீட்டுக்குத் தெருவிலிருந்து இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். வீடு ஒரு அங்குலம்கூட அசையவில்லை. ரோடுதான் வளர்ந்துவிட்டது. தேர்தல் வரும்போதெல்லாம் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போடுவார்கள். ஒவ்வொரு ரோடும் அரை அடி. இப்போது மறுபடியும் தேர்தல் வருகிறது, மறுபடியும் ரோடு வருகிறது. தெருமுனையில் ஜல்லி கொட்டியாகிவிட்டது. அந்த ஜல்லிக் குவியலைப் பார்த்த நாளிலிருந்துதான் கோதண்டத்துக்கு உட்கார முடியாத வியாதி.

வெறும் படிக் கணக்காக இருந்தால் அவர் இவ்வளவு அல்லாடியிருக்க மாட்டார். கார்த்திகை மழையன்று வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பிரிட்ஜ் மல்லாந்து மிதந்தது. வேம்புலியம்மாளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோய் நாலு வருஷம் ஆகிறது. தண்ணீரில் கால் வைக்க அவளால் முடியவில்லை. கட்டில் மேல் காலை மடக்க முடியாமல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிர் அடுக்ககத்துப் பிரசன்னாவும் இன்னும் மூன்று பேரும் வந்து, அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கித் தெருவழியாகக் கொண்டுபோனார்கள். தெருவே மாடியில் நின்று பார்த்தது. ஒரு பையன் வீடியோகூட எடுத்தான். அன்று சாயங்காலம் அவள் கோதண்டத்திடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"செத்தாத்தான் என்னை நாலு பேர் தூக்கணும். இன்னொரு தபா உசுரோட தூக்க உட்டுறாத."

அதற்கு அவர் சரி என்று சொல்லிவிட்டார். சொன்னதிலிருந்து அந்த வார்த்தை அவரை விடவில்லை. அடுத்த மழைக்குள் என்ன செய்வது என்று மூன்று வழி யோசித்துப் பார்த்தார். முதல் வழி, பூந்தமல்லியில் இருக்கும் மகள் பானுப்பிரியா வீட்டோடு போய்விடுவது. "வா நைனா, லிஃப்ட் கீது, தண்ணி வராது" என்று அவள் நாள் தவறாமல் போன் செய்தாள். வெள்ளத்துக்குப் பிறகு இரண்டு வாரம் அங்கே இருந்தும் பார்த்தார்கள். ஐந்தாவது மாடியில் வேம்புலியம்மாள் பொழுது விடிந்தால் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கீரைக்காரி சத்தம்கூடக் காதில் விழவில்லை, இதற்கு ஜெயிலே தேவலை என்றாள். கரண்ட் போன அன்று லிஃப்டும் நின்றது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டாவது வழி, ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவது. விஷால் என்கிற இன்ஜினியர் வந்து பார்த்தான். அஸ்திவாரத்துக்கு அடியில் இருநூறு ஜாக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, வீட்டை அப்படியே மேலே கொண்டுபோகிற வேலை அவனுடையது. நாலு அடி தூக்கிவிட்டால் ஐந்து தேர்தல் தாங்கும் என்று உத்தரவாதம் கொடுத்தான். தேர்தலை வைத்து வீட்டை அளக்கிற பையன் பிழைத்துக்கொள்வான் என்று கோதண்டம் நினைத்துக்கொண்டார். ஆனால் நாலு அடி தூக்கினால் அதன் பிறகு வாசலில் ஐந்தாறு படி வரும். இரண்டு படிக்கே தன் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறவள் ஆறு படியை எங்கே ஏறுவது? தண்ணீருக்குப் பயந்து வீட்டை உயர்த்தினால் முட்டி தடுக்கிறது. முட்டிக்காக வீட்டைத் தாழ்த்தினால் தண்ணீர் வருகிறது.

மூன்றாவது வழிதான் நியாயமான வழி. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது ரோடு போடுவது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கோதண்டம் நாலு நாள் ஆபீஸ் ஆபீஸாக நடந்து, ரோடு போடுகிற பொறியாளரைப் பிடித்துவிட்டார். அவர் நல்ல மனுஷர்தான், முடியாது என்று சொல்லவில்லை. உங்கள் மூன்றாவது தெருவை மட்டும் சுரண்டினால் நாலாவது தெருத் தண்ணீர் மொத்தமும் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும், இரண்டு தெருவையும் சேர்த்துச் சுரண்டினால்தான் பிரயோஜனம் என்றார். இரண்டு தெருச் சங்கமும் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் மெஷின் வரவழைக்கிறேன், தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் என் கையில் ஒன்றுமில்லை என்றும் சொன்னார்.

மூன்றாவது தெருவுக்கு இப்போது பிரசன்னாதான் செயலாளர். கரூர்ப் பக்கத்துப் பையன், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். "சுரண்டறதுல எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல அங்கிள், ரோடு மட்டும் தள்ளிப் போயிடக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே கடிதத்தை அடித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். அவன் வீடு இரண்டாவது மாடி. ரோடு எவ்வளவு வளர்ந்தாலும் அவனை எட்டிப் பிடிக்க இன்னும் நாற்பது தேர்தல் ஆகும்.

நாலாவது தெருச் சங்கத்தின் தலைவர் அப்துல் ரசாக். அங்கேதான் கோதண்டத்துக்குத் தொண்டையில் முள்.

ரசாக்கும் அவரும் ஒரே கம்பெனி. ரசாக் எலக்ட்ரீஷியன். ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கு ஒரே ரயில் பெட்டியில் பதினாறு வருஷம் போய்வந்தவர்கள். ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் மனை வாங்கினார்கள். ரம்ஜான் மாதம் வந்தால் ரசாக்கின் மனைவி வஹீதுன்னிசா தினமும் சாயங்காலம் தூக்கில் நோன்புக் கஞ்சி எடுத்துக்கொண்டு இந்தத் தெருவுக்கு வருவாள். கொடுத்துவிட்டு உடனே போக மாட்டாள். அவளும் வேம்புலியம்மாளும் வாசல் படியில் உட்கார்ந்து, பாங்கு சொல்ல ஐந்து நிமிஷம் இருக்கும்வரை ஊர்க்கதை பேசுவார்கள்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால், கோதண்டம் தெருச் சங்கச் செயலாளராக இருந்தபோது ரோடு போட வந்தார்கள். அன்றைக்கு வந்த கான்டிராக்டர் ஆட்களே கடப்பாரையோடு வந்து பழைய ரோட்டைக் கொத்தத் தொடங்கினார்கள். கோதண்டம் குறுக்கே போய் நின்றார். இருக்கிற ரோட்டைத் தோண்டிக் கணக்கு காட்டப் பார்க்கிறீர்களா, மேலேயே போடுங்கள் என்று சத்தம் போட்டார். அது மட்டுமல்ல, இரண்டு லோடு கட்டட இடிசல் வேறு அடிக்கச் சொல்லி ரோட்டை ஒரு அடி உயர்த்தினார். நம் தெரு மேடாக இருந்தால் தண்ணீர் அடுத்த தெருவுக்குப் போய்விடும் என்பது அவருடைய யோசனை. தெருவே கைதட்டியது. கவுன்சிலர் வந்து பொன்னாடை போர்த்தினார். அந்தப் போட்டோ இன்றைக்கும் ஹாலில் மாட்டியிருக்கிறது. உயரத்தில் இருந்ததால் கார்த்திகை வெள்ளம் அதை மட்டும் தொடவில்லை.

யோசனை பலித்தது. அந்த வருஷ மழையில் தண்ணீர் சொன்னபடி அடுத்த தெருவுக்குப் போய், ரசாக் வீட்டில் பதினோரு நாள் நின்றது. அந்தத் தண்ணீரில்தான் வஹீதுன்னிசா வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு விரிசல். அதற்குப் பிறகு கஞ்சித் தூக்கு வரவில்லை. பெண்கள் இருவரும் காய்கறி வண்டிப் பக்கம், ரேஷன் கடைப் பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டார்கள், முடியாமல் போனபின் போனில் பேசிக்கொண்டார்கள். ஆண்கள் இருவரும் எதிரே வந்தால் தலையை மட்டும் ஆட்டினார்கள். கோதண்டம் ஒருநாளும் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்ற வீம்பு. அந்த வீம்பைச் சுமந்துகொண்டு பதினேழு வருஷம் நடந்தார், மனுஷன்.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். நாலாவது தெரு முனைவரை போய் இரண்டு தடவை திரும்பி வந்தார். மூன்றாவது தடவை ரசாக் வீட்டை நிமிர்ந்து பார்த்தார். நிமிர்ந்துதான் பார்க்க வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் வந்த பெரிய வெள்ளத்துக்குப் பிறகு ரசாக் ஜாக்கி வைத்து வீட்டை மூன்று அடி தூக்கிவிட்டார். இடையில் அந்தத் தெருவிலும் இரண்டு முறை ரோடு போட்டதில், ஆறு படி நாலு படியாகியிருந்தது. படிக்கு இருபுறமும் புதிதாக எவர்சில்வர் கைப்பிடி போட்டிருந்தார்கள்.

மேல்படியில் ரசாக் நின்றுகொண்டிருந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. "எவ்ளோ நேரமா அந்த மூலையில நின்னுகினு கீற. நான் நோன்பு, இல்லாங்காட்டி நானே எறங்கி வந்துருப்பேன். ஏறி வா" என்றார்.

உள்ளே ஜன்னலோரம் வஹீதுன்னிசா நாற்காலியில் இருந்தாள். எதிரே நாலு கால் வாக்கர். கோதண்டத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது. வேம்பு எப்படி இருக்கிறாள், இன்னும் அந்த எண்ணெயைத்தான் தேய்க்கிறாளா, வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேனே கொடுத்தாளா என்று வரிசையாகக் கேட்டாள். பார்த்துப் பத்து மாதம் ஆகிறது, குரல் மட்டும் கேட்டு என்ன ஆகப்போகிறது என்றாள். அந்தப் பத்து மாதமும் அவள் இந்த வீட்டை விட்டுக் கீழே இறங்கவில்லை என்பது கோதண்டத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பையிலிருந்த கடிதம் நெஞ்சில் உறுத்தியது.

ரசாக் அவரை வெளியே கூட்டிக்கொண்டு வந்து மேல்படியில் உட்காரவைத்தார். பேச்சை அவரே தொடங்கினார்.

"பாக்கெட்டுல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும். பிரசன்னா தம்பி குரூப்புல போட்டுட்டாரு."

"பாய், ரெண்டு தெருவும் சேந்து சுரண்டினாத்தான்..." என்று கோதண்டம் ஆரம்பித்தார்.

"இரு. மொதல்ல நான் சொல்றத கேளு. போன வருசம் மறுபடியும் விழுந்தா. இடுப்புல பிளேட் வச்சிருக்கு. ஆஸ்பத்திரியில நடக்கப் பழக்குனாங்க இல்ல, அங்க ஒரு மரப்படி வச்சிருந்தாங்க. அதுல மூணு படிதான். அந்த மூணையும் அவ ஏறுனா, எறங்குனா. ஊட்டுக்கு வந்தா நாலு. நாலாவதப் பாத்தாலே காலு நடுங்குது அவளுக்கு. ரோடு வந்தா ஒரு படி முழுங்கிடும், அப்புறம் மூணுதான், நான் எறங்கிடுவேன்னு தெனம் சொல்லிகினு கீறா. ஜல்லி கொட்டுன அன்னிக்கி ஜன்னல் வழியாப் பாத்து அழுதுட்டா."

சுரண்டினால் அந்த நாலு படி மூன்றாகாது, ஐந்துகூட ஆகலாம் என்பதைக் கணக்குப் போடக் கோதண்டத்துக்கு அரை நொடிகூட ஆகவில்லை.

"கேக்காத கோதண்டம்" என்றார் ரசாக். "நீ கேட்டா நான் கையெழுத்து போட்டுருவேன். பதினேழு வருசத்துல ஒரு தபாகூட நீ இந்தப் படி ஏறி வந்து ஒண்ணும் கேட்டதில்ல. வந்து கேட்டா இல்லன்னு சொல்ல எனக்கு வராது. போட்டுட்டு அவ மூஞ்சில எப்புடி முழிக்கிறது?"

கோதண்டத்துக்கு முதலில் வந்தது கோபம்தான். தன் வீடு முங்கினால்தான் இவன் வீட்டுப் படி குறைய வேண்டுமா என்று சுருக்கென்றது. கோபம் நிற்கவில்லை. அதன் இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. முதல் தடவை அவள் விழுந்தது யார் அனுப்பிய தண்ணீரில்?

"அன்னிக்கி நான் மேடு போட்டது தப்பு பாய்" என்றார்.

ரசாக் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன் எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன். ஏன், பண்ணேனே. அதுக்கு மூணாம் வருசம் எங்க தெருவை நான் ஒசத்துனேன். தண்ணி அஞ்சாவது தெருவுக்குப் போச்சி. அங்க யார் ஊட்டுக்குள்ள போச்சின்னு நானும்தான் போய்ப் பாக்கல."

கடிதம் பையை விட்டு வெளியே வரவேயில்லை. படியிறங்கும்போது கோதண்டம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். அவருடைய முட்டியும் ஒன்றும் இளசில்லை.

வேம்புலியம்மாள் வாசல் நாற்காலியிலேயே காத்திருந்தாள். போட்டாரா என்று கேட்டாள். கேட்கவில்லை என்றார். ஏன் என்றாள். நடந்ததையெல்லாம் அவர் சொன்னார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அவளோ, "மூணு படின்னா அக்கா எறங்கிடுவாளாமா?" என்றாள். எறங்கிடுவாளாம் என்றார் எரிச்சலோடு. அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நம் வீட்டில் ஆறு மாதத்தில் மீன் பிடிக்கலாம், இவளுக்குச் சிரிப்பைப் பார் என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. அன்று அவர் மழை ஆசாமிகள் மூவரையும் பார்க்காமலே படுத்துவிட்டார்.

அடுத்த வாரம் ரோடு வந்தது. காலை பத்து மணிக்கே வெயில் தாரை உருக்குகிற மாதிரி அடித்தது. இரண்டு தெருவுக்கும் சேர்த்து ஒரே நாளில் போட்டு முடித்தார்கள். கொடி கட்டிய கார் ஒன்று வந்து நின்றது. தெருவின் மூத்தவர் என்று பிரசன்னா கோதண்டத்தைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். இந்தத் தடவையும் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோவில் அவர் முகம் விளக்கெண்ணெய் குடித்தவர் முகம் மாதிரி விழுந்திருந்தது. சாயங்காலம் அந்தப் பொன்னாடையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, பத்துச் செங்கல்லும் ஒரு சட்டி சிமென்ட்டும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்க மூன்றாவது படியைத் தன் கையாலேயே கட்டினார். மறுநாள் வேம்புலியம்மாள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் படி ஏறினாள், இரண்டாவது ஏறினாள், மூன்றாவதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு திரும்பி இறங்கிவிட்டாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் ஐந்தேகால் மணி இருக்கும். வாசலில் டக் டக்கென்று சத்தம். கோதண்டம் எட்டிப் பார்த்தார். வஹீதுன்னிசா வாக்கரை ஊன்றிக்கொண்டு புது ரோட்டில் வந்துகொண்டிருந்தாள். பின்னால் ரசாக், ஒரு கையில் பிளாஸ்டிக் ஸ்டூல், இன்னொரு கையில் தூக்கு. இரண்டு நிமிஷத்தில் வரவேண்டிய தூரத்துக்கு அரை மணி நேரம் ஆகியிருந்தது என்பது இருவர் முகத்திலும் வழிந்த வேர்வையில் தெரிந்தது. ஆனால் அவள் முகத்தில் பரீட்சையில் பாஸான பிள்ளையின் பெருமை.

"வேம்பு, எறங்கிட்டேன்டி" என்றாள்.

வேம்புலியம்மாள் கீழே வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வா அக்கா என்று கூப்பிட்டாள். வஹீதுன்னிசா ரோட்டின் ஓரத்துக்கு வந்து கீழே பார்த்தாள். மூன்று படி, செங்கல் படி, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அவளிடம் இருந்த மூன்று படியை அவள் வீட்டிலேயே செலவழித்துவிட்டு வந்திருந்தாள். திரும்பிப் போய் ஏறவும் மூன்று வேண்டும். மெல்லத் தலையை ஆட்டினாள். அப்படியானால் நான் வருகிறேன் என்று வேம்புலியம்மாள் கிளம்பினாள். கோதண்டம் ஓடிப்போய்த் தோள் கொடுத்தார். இரண்டு படி ஏறியாகிவிட்டது. மூன்றாவதில் அவள் கால் எழவில்லை. கையை மேலே நீட்டினாள். மேலேயிருந்து வஹீதுன்னிசாவும், வாக்கரை விடாமல், ஒரு கையைக் கீழே நீட்டினாள். குனிய அவளுக்கு இடுப்பு இடம் கொடுக்கவில்லை. இரண்டு கைக்கும் நடுவே ஒரு சாண் இடம் மிச்சமிருந்தது.

கடைசியில் கோதண்டம்தான் நடுவில் நின்று, ரசாக் கையிலிருந்து தூக்கை வாங்கி மனைவி கையில் கொடுத்தார். கஞ்சி இன்னும் சூடாக இருந்தது. மேலே ரோட்டில் ஸ்டூலைப் போட்டு வஹீதுன்னிசாவை உட்காரவைத்தார்கள். கீழே வாசலில் நாற்காலி போட்டு வேம்புலியம்மாள் உட்கார்ந்தாள். இருவரும் பேசத் தொடங்கினார்கள். புது ரோடு என்றதும் பைக்குகளெல்லாம் பறந்தன. ஹாரன் அடிக்கும்போதெல்லாம் வஹீதுன்னிசா வாக்கரை ஓரமாக இழுத்துக்கொண்டாள். பாதிப் பேச்சு கேட்கவில்லை. என்னது, என்னது என்று இருவரும் கழுத்தை நீட்டினார்கள். முன்பு ஒரே படியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து பேசிய இரண்டு பேர், இப்போது ஒருத்தி மேலேயும் ஒருத்தி கீழேயுமாக உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். கோதண்டத்துக்குத் தாங்கவில்லை. உள்ளே போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் விஷாலுக்குப் போன் செய்து வரச்சொன்னார். அவன் வந்ததும் வராததுமாக, நாலடிக்குத்தானே சார், அடுத்த மாசமே ஆரம்பிச்சிடலாம் என்று டேப்பை எடுத்தான்.

"நாலடி வாணாம்" என்றார் கோதண்டம். டேப்பை அவன் கையிலிருந்து வாங்கி, வீட்டுத் தரையிலிருந்து ரோட்டு மட்டம் வரை அவரே அளந்தார். சரியாகப் பதினெட்டு அங்குலம். "பதினெட்டு. ரோட்டுக்குச் சமமா தூக்கு. ஒரு நூல் கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. படியே இருக்கக் கூடாது."

விஷாலுக்குக் குழப்பமாகிவிட்டது. ஒன்றரை அடிக்காக யாரும் ஜாக்கி வைப்பதில்லை, பதினெட்டு அங்குலத்துக்கும் நாலு அடிக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான், அந்த உயரத்தில் நிறுத்தினால் மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்காது என்று பொறுமையாக விளக்கினான்.

"வரும். கணுக்கால் அளவுக்கு வரும். வந்தா வரட்டும். யாரும் தூக்காம அவளே நடந்து வெளியே போவா."

"சரி சார், அஞ்சு வருஷத்துல அடுத்த ரோடு வரும். மறுபடியும் வீடு பள்ளமாயிடும். அப்ப என்ன பண்ணுவீங்க?"

கோதண்டம் டேப்பைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தார். வாசலில் வேம்புலியம்மாள் முந்தின நாள் தூக்கைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த ரோடு வர்றதுக்குள்ள அதுங்க ரெண்டும் பேச வேண்டியத பேசிக்கட்டும்" என்றார்.